காலும் அரையும்

குழந்தைகளுக்குக் கணக்குக் கசக்கத் தொடங்கும் இடம் எது என்று கேட்டால், பின்னம் என்றே பெற்றோருள் பெரும்பாலோர் விடையிறுப்பர். விரல் மடக்கி எண்ணியபோதும், கூட்டலும் கழித்தலும் கற்றபோதும் மலர்ந்திருந்த முகம், ஓர் எண்ணின்மேல் கோடிட்டு அக்கோட்டின்மேல் மற்றோர் எண்ணை ஏற்றிவைத்த அன்றே வாடிவிடுகின்றது. ‘இது எவ்வளவு?’ என்று கேட்டால் பிள்ளை இரண்டு எண்களைச் சொல்கின்றதேயன்றி ஓர் அளவைச் சொல்வதில்லை. ஆயினும் அதே பிள்ளைதான், தோசையில் பெரிய பாதி தம்பிக்குப் போய்விட்டது என்று முந்தின நாள் இரவு அழுத பிள்ளை. பங்கின் நியாயம் அறிந்த குழந்தைக்குப் பின்னம் புரியாமற் போவது ஏன்? இதுவே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்கப் புகும் பொருள்.

நாம் கணித ஆசிரியர் அல்லோம். பெங்களூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்குக் கணக்கோடுள்ள உறவு, சம்பளப் பட்டியலோடும் ஓய்வூதியக் கோப்போடும் அமைந்த உறவே. எனினும் சில ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில், அல்சூரில் உள்ள நம் வீட்டு மாடிக்குத் தெருப்பிள்ளைகள் சிலர் வருகின்றனர். தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருவதே நோக்கம். ஆனால் பையைத் திறந்தால் தமிழ் நோட்டுக்கு முன்னே கணக்கு நோட்டே வந்து விழுகின்றது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் கேட்டு, தெருவில் நான்கு மொழி பேசி, வீட்டில் தாயோடு தமிழில் உரையாடும் இப்பிள்ளைகளுக்குப் பின்னமே பெருந்தடையாக நிற்பதைக் கண்டோம். அத்தடையை நீக்க முயன்றபோது நாமும் சில கற்றோம். அவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பின்னம் என்பது உடைந்தது என்று பொருள்படும் வடசொல். கன்னடத்திலும் இதனைப் பின்னராசி என்றே வழங்குவர். ஆங்கிலச் சொல்லும் உடைத்தல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. அரபு மொழியில் இதற்குரிய கஸ்ர் என்ற சொல்லுக்கும் உடைவு என்பதே பொருள். உலகம் முழுதும் இதனை உடைசலாகவே கண்டிருக்கின்றது போலும். நம் வழக்கில் கைகால் சிதைந்த சிலையைப் பின்னமான சிலை என்று சொல்லி வழிபாட்டினின்று நீக்கிவைப்பர். அச்சொல்லையே கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னம் என்றால் ஏதோ குறையுடைய எண் என்று கருதுமாயின் அது வியப்பன்று.

நம் பழைய கணக்காயர்கள் இதனை வேறு விதமாகப் பார்த்தனர். ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாய் இலக்கம். ஒன்றுக்குக் கீழ்ப்பட்டன கீழ்வாய் இலக்கம். இரண்டும் இலக்கமே. ஒன்று மேலே ஏறும் படி, மற்றொன்று கீழே இறங்கும் படி. இறங்கும் படியில் உடைந்தது எதுவும் இல்லை. மேலும் அவர்கள் கீழ்வாய் இலக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெயரிட்டனர். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என வரும் அப்பெயர்களுள் முதல் மூன்றும் இன்றும் நம் பிள்ளைகளின் நாவில் உள்ளன. இரண்டேகால் மணி என்று கடிகாரம் பார்த்துச் சொல்லும் குழந்தை, தான் ஒரு கலப்புப் பின்னத்தைச் சொல்வதை அறியாது. ஒன்றரை லிட்டர் பால் என்று கடையில் கேட்கும் குழந்தையும் அவ்வாறே. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பில் கற்பிக்கத் தொடங்குவதை நாக்கு ஐந்தாம் வயதிலேயே கற்றுவிட்டது.

இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் வாய்த்த பேறன்று. கன்னடத்திலும் காலு, அரெ, முக்காலு என்றே சொல்வர். ஒன்றரையை ஒந்தூவரெ என்பர். பதினாறில் ஒரு பங்காகிய வீசம் அங்கும் வீச என வழங்கிற்று. கால் என்பது நான்கு கால் விலங்கின் ஒரு காலைக் குறித்து, அதன்வழியே நான்கில் ஒரு பங்கையும் குறிக்க வந்தது என்பர். வடமொழியில் பாதம் என்ற சொல்லும் இவ்வாறே அடியையும் காற்பங்கையும் ஒருங்கே குறிக்கும். அப்பாதமே திரிந்து, நம் நகரத்துச் சமையலறைகளில் அரிசி அளக்கும் பாவு ஆயிற்று. எனவே ஒரு கன்னடப் பிள்ளையையும் ஒரு தமிழ்ப் பிள்ளையையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் காலும் அரையும் சொல்லிக்கொடுப்பதில் மொழி ஒரு தடையே இல்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

பெயர் தெரிந்தால் போதுமா? போதாது. பெயருக்கு உரிய பொருள் கையில் தட்டுப்பட வேண்டும். அதற்குப் பெங்களூர் நகரம் ஒரு நல்ல பாடத்தை வைத்திருக்கின்றது. அதுதான் ‘பை டூ’ காபி. இந்நகரத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் நண்பர் இருவர் சென்றால், ஒரு காபியை இரண்டு குவளைகளில் பங்கிட்டுத் தரும்படி ‘ஒன் பை டூ’ என்று கேட்பது நெடுநாள் வழக்கம். ஒன்றை இரண்டால் வகுத்தால் வருவதே அரை என்ற கருத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் காட்டிவிட முடியாது. மேலே நிற்கும் ஒன்று, காபி. கீழே நிற்கும் இரண்டு, குடிப்பவர். நடுவே உள்ள கோடு, பங்கிடும் கை. தந்தையோடு சென்று இதைப் பார்த்த பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கின்றனர். ஒரு சிறுமி மட்டும், ‘ரெண்டு டம்ளரிலும் பாதிக்கு மேலே இருக்குமே மாமா!’ என்று மறுத்தாள். கடைக்காரர் மனம் தாராளமானது. கணக்கு அவ்வளவு தாராளமானதன்று என்று சொல்லி வைத்தோம். ஆயினும் அவள் கேட்டது நல்ல கேள்வி. அரை என்றால் இரண்டு துண்டு என்பதன்று. இரண்டு சமமான துண்டுகளுள் ஒன்று என்பதே பொருள். ‘பெரிய பாதி’ என்று ஒன்று உலகத்தில் இல்லை.

சமம் என்பதைக் குழந்தைக்கு உணர்த்த நம் வீடுகளில் ஒரு பழைய வழி உண்டு. ஒருவர் வெட்ட வேண்டும். மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடலை மிட்டாயை இவ்வாறு பங்கிடச் சொன்னால், வெட்டும் பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டு அளவு பார்க்கும் அழகே தனி. அதன்பின் சதுரமான தாள் ஒன்றைக் கொடுத்து இரண்டாக மடிக்கச் சொல்வோம். ஒருவன் நடுவே மடித்து நீள்சதுரம் ஆக்குவான்; இன்னொருத்தி மூலைக்கு மூலை மடித்து முக்கோணம் ஆக்குவாள். இவற்றுள் எது அரை என்று கேட்டால் முதலில் சண்டை மூளும். முக்கோணத்தை வெட்டி ஒட்டினால் நீள்சதுரம் வந்துவிடும் என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது, வடிவம் வேறு அளவு வேறு என்னும் உண்மை தானே விளங்குகின்றது. வட்டத்தை நான்காக வெட்டி ஒன்றுக்கு வண்ணம் தீட்டிய படத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு இவ்வுண்மை கிட்டுவதில்லை. அதற்குக் கால் என்பது ஒரு வடிவம், அளவன்று.

அடுத்து, ‘எதில் பாதி?’ என்ற கேள்வி. நம் கருத்தில் பின்னக் கல்வியின் உயிர்நிலை இதுவே. பூக்காரம்மாள் முழம்போட்டு மல்லிகை அளப்பதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கின்றனர். நெடிய கை உடையவர் அளக்கும் அரை முழமும், குட்டைக் கை உடையவர் அளக்கும் அரை முழமும் ஒன்றாகா. இரண்டும் அரையே, ஆனால் முழுமை வேறு. முழுமை எது என்று சொல்லாமல் பின்னத்தைச் சொல்வது, ஊர்ப்பெயர் இல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொல்லி வீட்டுக்கு வழிகாட்டுவதற்கு ஒப்பாகும்.

இக்கேள்வி குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் அலுவலகமே நமக்குக் காட்டிற்று. முப்பது ஆண்டுகள் கடைநிலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பணிக்கொடைக் கணக்குத் தாளைக் கையில் ஏந்தி மனைவியோடு வந்தார். நிறைவுற்ற ஒவ்வொரு அரையாண்டுப் பணிக்கும் ஒரு மாத ஊதியத்தில் கால் பங்கு என்பது விதி. உச்ச அளவு பதினாறரை மாத ஊதியம். ‘கால் பங்குதான்னு எழுதியிருக்கே, மிச்ச முக்கால் எங்கே சார் போச்சு?’ என்று அந்த அம்மையார் கேட்டார். தம் கணவரின் உழைப்பில் முக்கால் பங்கை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டனர் என்ற கலக்கம் அவர் கண்ணில் இருந்தது. ஒரு தாளில் அறுபது கோடுகள் போட்டோம். முப்பது ஆண்டுக்கு அறுபது அரையாண்டு. அரையாண்டு ஒன்றுக்குக் கால் மாத ஊதியம். நான்கு கோடு சேர்ந்தால் ஒரு முழு மாத ஊதியம். நான்கு நான்காக வளைத்துக்கொண்டே வந்தபோது பதினைந்து வளையங்கள் ஆயின. ‘அப்போ பதினைஞ்சு மாசச் சம்பளம்!’ என்று அவரே சொல்லிவிட்டார். அதன்பிறகே பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எதில் கால் என்று அறியாமையால் நேரும் துயரம் எத்தகையது என்பதை அன்று உணர்ந்தோம்.

இனி, பிள்ளைகள் பெரிதும் இடறும் மற்றோர் இடத்துக்கு வருவோம். 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்று கேட்டால், எட்டு நான்கைவிடப் பெரிதாதலால் 1/8 பெரிது என்பர். இது பேதைமையன்று. இதுகாறும் கற்ற எண்களின் விதியைப் புதிய எண்களின்மேலும் ஏற்றிப் பார்க்கும் இயல்பான அறிவே அது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவில் 1980களில் ஏ அண்ட் டபிள்யூ என்னும் உணவு நிறுவனம், போட்டி நிறுவனத்தின் கால் பவுண்டு பர்கருக்கு எதிராக மூன்றில் ஒரு பவுண்டு பர்கரைக் கொண்டுவந்தது. விலை ஒன்றே, இறைச்சி மிகுதி, எனினும் அது எடுபடவில்லை. மூன்றைவிட நான்கு பெரிதாதலால் கால் பவுண்டே மிகுதி என்று வாங்குவோருள் பலர் கருதினராம். அந்நிறுவனத்தின் உரிமையாளராக இருந்த ஆல்ஃபிரெட் டாப்மன் 2007இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதனை எழுதியுள்ளார்.

இதற்கு மருந்து, எண்ணைக் காட்டுவதன்று, பந்தியைக் காட்டுவதே. ஒரு தோசைக்கு நான்கு பேர் உட்கார்ந்தால் கிடைப்பது எவ்வளவு, எட்டுப் பேர் உட்கார்ந்தால் கிடைப்பது எவ்வளவு என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் தவறாது விடை சொல்கின்றது. உண்பவர் கூடினால் பங்கு குறையும். கீழே உள்ள எண் வளர்ந்தால் துண்டு சிறுக்கும். தமிழ்ச் சொல்லோ இதனை இன்னும் எளிதாக்குகின்றது. எட்டில் ஒன்றுக்கு நம் மொழியில் அரைக்கால் என்று பெயர். காலில் பாதி அரைக்கால் என்பது பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்போது, அரைக்கால் காலைவிடப் பெரிது என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

இப்பெயர்கள் முன்னாளில் ஏட்டில் மட்டும் இருந்தனவல்ல. மடியிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்தன. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில் ஓரணா என்பது ரூபாயில் வீசம், ஈரணா அரைக்கால், நாலணா கால், எட்டணா அரை. படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. அளக்கும்தோறும் கை பாதியாக்கிக்கொண்டே சென்றது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு காசுகளாகப் பகுக்கப்பட்டது. தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்தன. கணக்கிடுதல் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் பன்னிரண்டரைக் காசுக்கு நாணயம் இல்லாமையால் அரைக்கால் ரூபாய் என்பது கையை விட்டு மறைந்தது. நாம் பள்ளியில் படித்த நாளில் இருபத்தைந்து காசு நாணயத்தை நாலணா என்று சொல்லிக் கொடுத்து மிட்டாய் வாங்கினோம். அந்நாணயமும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாததாயிற்று. இன்று கடைத்தராசு மின்தராசாகிவிட்டது. கால் கிலோ கேட்டால் அதன் கண்ணாடியில் 250 என்ற முழு எண்ணே ஒளிர்கின்றது. பணமோ கைபேசியில் பறக்கின்றது. பின்னத்தைக் கையால் தொடும் வாய்ப்பு ஒவ்வொன்றாகக் குழந்தையிடமிருந்து நழுவிவிட்டபின், அதன் குறியீட்டை மட்டும் கரும்பலகையில் காட்டிப் புரிந்ததா என்று வினவுகின்றோம். மறைந்த நாணயத்தை மீட்க இயலாது. ஆனால் மறைந்த அனுபவத்தை ஒரு தாளாலும் ஒரு கயிற்றாலும் மீட்டுத் தரலாம்.

கூட்டலில் நேரும் பிழையையும் பெயரே தடுக்கும். 1/4 உடன் 2/4ஐக் கூட்டு என்றால், மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி 3/8 என்று எழுதும் பிள்ளைகள் எங்கும் உளர். 1978இல் அமெரிக்காவில் நடந்த நாடளாவிய தேர்வொன்றில், 12/13 உடன் 7/8ஐக் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று பதின்மூன்று வயது மாணவரைக் கேட்டனர். இரண்டும் ஏறக்குறைய ஒன்று; ஆகவே கூட்டினால் ஏறக்குறைய இரண்டு. தரப்பட்ட விடைகளுள் இரண்டைத் தேர்ந்தெடுத்தவர் நூற்றுக்கு 24 பேரே. 19 என்றும் 21 என்றும் குறித்தவர் பாதிக்கு மேற்பட்டோர். பின்னம் அவர்களுக்கு ஓர் அளவாகத் தோன்றவில்லை; மேலும் கீழுமாக அடுக்கிய நான்கு எண்களாகவே தோன்றிற்று.

அதே கூட்டலை வாயால் கேட்டுப் பாருங்கள். ‘ஒரு காலும் இரண்டு காலும் சேர்ந்தால் எத்தனை கால்?’ மூன்று கால், அதாவது முக்கால். தவறு புகுவதற்கு இடமே இல்லை. முக்கால் என்ற ஒரு சொல்லில் மூன்று என்ற எண்ணிக்கையும் உண்டு. கால் என்ற இனப்பெயரும் உண்டு. மேலே எழுதும் எண் எத்தனை என்பதைச் சொல்லும். கீழே எழுதும் எண் எது என்பதைச் சொல்லும். மூன்று மாங்காய் என்பதில் மூன்றைக் கூட்டலாம். மாங்காய் என்பதைக் கூட்டுவார் யார்? இதனைப் பிள்ளைக்கு உணர்த்திவிட்டால், மேலுள்ளது தொகுதி, கீழுள்ளது பகுதி என்று பாடநூல் கூறும் பெயர்களும் பொருளோடு நெஞ்சில் பதியும்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடி இந்த அடிப்படையில் அமைந்ததே. அக்கணக்கின் அமைப்பை அறிந்தபோது நாம் வியந்தோம். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதனை அடிப்படையாகக் கொண்டால் அரைக்காணி 2 முந்திரி, காணி 4, அரைமா 8, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160. எல்லாம் முழு எண்கள். எந்தப் பின்னத்தோடு எந்தப் பின்னத்தைக் கூட்டவும் பொதுப் பகுதி தேடி அலைய வேண்டுவதில்லை. மாவையும் காணியையும் கூட்டினால் என்ன வரும்? 16 முந்திரியும் 4 முந்திரியும் சேர்ந்து 20, அது மாகாணி. விடை பெயரிலேயே இருக்கின்றது. நாம் படித்த முறையில் இதனைச் செய்வதாயின், 1/20 உடன் 1/80 கூட்டி, 5/80 எனக் கண்டு, பின்னர் 1/16 எனச் சுருக்க வேண்டும். நம் மாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரு வழியையும் காட்டினோம்; இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைக் கண்டு அவர்கள் கைதட்டினர்.

இவை புலவர்க்கு மட்டும் உரிய சொற்களாகவும் இருந்ததில்லை. நாலடியார் முந்திரியையும் காணியையும் எடுத்துக்காட்டி, சிறு செல்வம் சற்றே பெருகியதும் செருக்கும் கீழோரைப் பேசுகின்றது. கேட்போர்க்கு அளவு தெரிந்திருந்தாலன்றி அவ்வுவமை சுவைக்காது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் இவ்வளவைகளைக் கொண்டே கணக்குகளை விளக்குகின்றது. இராசராசன் காலக் கல்வெட்டுகள் வேலி, மா, காணி, முந்திரி எனத் தொடங்கி, முந்திரியிலும் முந்திரியாகிய கீழ்முந்திரிக்கும் அப்பால் சென்று நிலத்தை அளந்து எழுதுகின்றன. இப்பின்னங்களின் குறியீடுகள் 2019இல் வெளிவந்த ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் இடம்பெற்றுக் கணினிக்கும் வந்துவிட்டன. ஏட்டிலும் கல்லிலும் இருந்தவை இன்று எழுத்துருவிலும் உள்ளன. வகுப்பறைக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

பழமையைப் போற்றுவதோடு அதன் குறையையும் சொல்லிவிடுவது நேர்மையாகும். 320ஐ மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். ஆகவே மூன்றில் ஒன்றுக்கும் ஏழில் ஒன்றுக்கும் அவ்வரிசையில் சரியான இடம் இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் முந்திரி வரிசை முழுதும் உதவாது. எந்த எண்ணையும் எந்த எண்ணாலும் வகுத்து எழுதவல்ல பொதுமுறை நமக்கு வேண்டும். எண்ணின்மேல் எண்ணை எழுதும் அம்முறையும் நம் நாட்டுக் கணித நூல்களில் வழங்கியதே. இடையே கோடு இடும் வழக்கம் பின்னர் அரபு நாட்டுக் கணிதரிடம் தோன்றிற்று. அன்றியும், திண்ணைப் பள்ளியின் நெடிய மனப்பாடமும் பிரம்பும் நமக்கு வேண்டா. எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் அத்திண்ணையில் ஏறவில்லை. பெண்மக்கள் ஏறியது மிக அரிது. நிலத்தை முந்திரி வரை அளந்த நாட்டில், அந்நிலத்தை உழுதவரின் பிள்ளைக்கு அந்த முந்திரிக்கணக்கு எட்டாதிருந்தது. எனவே நாம் வேண்டுவது பழைய திண்ணையை அன்று. அதில் வழங்கிய பெயர்களை, எல்லாரும் ஏறக்கூடிய புதிய திண்ணையில் வைப்பதே.

நாம் பின்பற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலில் பங்கிடுதல், தோசை, தாள், கடலை மிட்டாய். அடுத்து, பலவற்றில் ஒரு பங்கு; பன்னிரண்டு புளியங்கொட்டையில் கால் எத்தனை, முக்கால் எத்தனை என்பன. அதன்பின் கயிறு. மாடியில் ஒரு நீண்ட கயிற்றைக் கட்டி, ஒரு முனையில் 0 என்றும் மறுமுனையில் 2 என்றும் சீட்டு மாட்டுவோம். துணி மாட்டும் கவ்விகளைக் கொண்டு ஒன்று, அரை, ஒன்றரை, கால், முக்கால் ஆகியவற்றை அவற்றிற்குரிய இடங்களில் பிள்ளைகளே மாட்ட வேண்டும். அரை என்று எழுதிய சீட்டும் நான்கில் இரண்டு என்று எழுதிய சீட்டும் ஒரே கவ்வியில் வந்து சேரும்போது, ஒரே அளவுக்குப் பல பெயர் உண்டு என்பது விளங்கும். பின்னம் என்பது தோசைத் துண்டு மட்டுமன்று, முழு எண்களுக்கு நடுவே தனக்கென ஓர் இடம் உடைய எண் என்பதும் அப்போதே விளங்கும். கோடு போட்டு எழுதும் முறை இவற்றுக்கெல்லாம் பின்னர் வருவது. பேசத் தெரிந்த குழந்தைக்கே நாம் எழுத்தைக் கற்பிக்கின்றோம். பின்னத்துக்கு மட்டும் எழுத்தை முன்னும் பேச்சைப் பின்னுமாக வைப்பது முறையாகாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். நம் தெருத் தாய்மார் சிலர் தண்டல் கடன் வாங்குவதுண்டு. பத்தாயிரம் என்று பேசி, பத்தில் ஒன்றை வட்டியாக முன்னரே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருவர். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் பத்தாயிரமும் கட்டிவிட வேண்டும். இதனைக் கணக்காக எழுதிப் பிள்ளைகள்முன் வைத்தோம். வட்டி எவ்வளவு பங்கு? ‘பத்தில் ஒன்று’ என்றனர் பலர். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: ‘கைக்கு வந்தது ஒன்பதாயிரம்தானே மாமா? அப்படீன்னா ஒன்பதில் ஒன்று ஆகாதா?’ ஆகும். அதுவும் ஓராண்டுக்கு அன்று, நூறு நாளுக்குள். அதிலும் நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், உண்மைச் சுமை அதனினும் பெரிது. எதில் பங்கு என்ற அந்த ஒரு கேள்வியை அவள் தானாகக் கேட்டுவிட்டாள். அவள் தாய் அந்தக் கடனை அன்றே நிறுத்திவிட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. வறுமைக்குக் கணக்கு மட்டுமே மருந்தாகாது. ஆனால் அடுத்த முறை அந்தத் தாய் கையெழுத்திடும்போது, அருகில் நின்று இக்கேள்வியைக் கேட்க ஒருத்தி இருப்பாள்.

பின்னம் அறியாதவருக்கு உலகம் பங்கிட்டுத் தருவதை அப்படியே வாங்கிக்கொள்வதன்றி வேறு வழியில்லை. அறிந்தவரோ, எதில் பங்கு, எத்தனை பேருக்குப் பங்கு, பங்குகள் சமந்தானா என்ற மூன்று கேள்விகளைக் கேட்பர். நம் பிள்ளைகள் தேர்வில் பெறும் மதிப்பெண்ணைவிட இம்மூன்று கேள்விகள் அவர்கள் நாவில் நிற்பதே பெரிது. சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் காலையும் அரையையும் அரைக்காலையும் கடையிலும் அடுக்களையிலும் பேசிப் பழக்குவார்களாக. அப்பெயர்கள் வாயில் வழங்கும் வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு ஒருநாளும் பின்னமாகாது.